தாள் இல்லையென்றால் ஊர் இல்லையா?

“இந்த மண்ணில் பிறந்தவர் என்றால் தாளைக் காட்டட்டும், காட்டாதவரைச் சந்தேகிப்பதில் என்ன தவறு?” களமருதூர் டீக்கடையில் நண்பர் ஒருவர் கேட்டார். பெரிய தவறு, நண்பரே.

நம் மாவட்டத்துக் கல்வராயன் மலையை எண்ணிப் பாருங்கள். விடுதலைக்கு 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அது ஜாகீர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே குடிசையில் பிறந்த மலையாளிப் பழங்குடிப் பாட்டியிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்பது, அரசு எழுதாமல் விட்ட பக்கத்தை அவரிடம் கேட்பதாகும்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், சில விதிவிலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். பாஸ்போர்ட் காலாவதியாகும், குடியுரிமை காலாவதியாகாது. நீங்கள் நம்பும் ஆதாரும் குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது. உங்கள் அளவுகோலில் நீங்களும் தேறமாட்டீர்கள்.

பள்ளிப் பதிவேடு, பட்டா, பழைய வாக்காளர் பட்டியல், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றைத் தேடும் கடமை அலுவலகத்துக்கும் உண்டு. பாட்டி மலையிறங்கி அலைய வேண்டாம், முகாம் மலையேறட்டும்.