புதுக் கார்டு வாங்கி அனுப்பாதீங்க!

முதலிலேயே சொல்லி விடுகிறேன். வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் அப்பாக்கள், மாமாக்கள், சித்தப்பாக்களைத் திட்டுவதற்கென்றே எழுதும் பதிவு இது. கோபம் வரும் என்றால் ஒரு சாயா குடித்துவிட்டு வந்து படியுங்கள்.

நம்ம பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துப் பிள்ளைகள் இன்ஜினியரிங்கோ பாலிடெக்னிக்கோ கடைசி வருஷத்துக்கு வந்ததும் நமக்கு ஒரு போன் வரும். "டேட்டா அக்விசிஷன் கார்டு போச்சு. அஞ்சு வோல்ட் வரல்ல. புதுசு வேணும்." உடனே நாம் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு ஆகும்?" என் சண்டையே இந்தக் கேள்வியோடுதான்.

தெரியாதவர்களுக்கு: சென்சார் தரும் சின்னச் சின்ன வோல்டேஜை எண்ணாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதுதான் இந்தக் கார்டு. அதன் ஓரத்தில் ஐந்து வோல்ட் தரும் ஒரு முனையும் இருக்கும். அது சென்சாருக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுக்க வைத்தது, ஊருக்கே கரண்ட் கொடுக்க அல்ல.

அக்கா மகன் கதையைக் கேளுங்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் மூன்று சொச்சம்தான் வருகிறது. லேபில் "கார்டு அடிச்சுப் போச்சு" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அத்தான் மஸ்கட்டில் இருந்து பணம் அனுப்பத் தயார். நான் கேட்டேன், "மக்கா, மீட்டர் வச்சிப் பாத்தியா?" "பாத்தேன் மாமா, மூணுதான்." "வயரை எல்லாம் கழத்திட்டுப் பாத்தியா?" பதில் இல்லை. கழற்றிப் பார்த்தான். சரியாக ஐந்து வோல்ட்.

கரண்ட் போனால் நம் வீட்டில் முதலில் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம். அங்கேயும் இருட்டு என்றால் கே.எஸ்.இ.பி. பிரச்சினை. அங்கே வெளிச்சம் என்றால் நம் வீட்டு ஃப்யூஸ். யாரும் எடுத்த எடுப்பில் வீட்டு வயரிங்கை மாற்றுவதில்லை. அம்மச்சிக்குத் தெரிந்த இந்தக் கணக்கை இன்ஜினியரிங் லேபில் ஏன் மறக்கிறோம்?

கார்டிலும் அதே கணக்குதான். கோளாறு கார்டுக்கு உள்ளேயா வெளியேயா? முதலில் வெளி வயரை எல்லாம் எடுத்துவிட்டு, ஐந்து வோல்ட் முனைக்கும் டிஜிட்டல் கிரவுண்டுக்கும் நடுவில் அளக்க வேண்டும். ஐந்து வந்தால் ஒரு நூறு ஓம், அரை வாட் ரெசிஸ்டரை மாட்டி மறுபடி அளக்க வேண்டும். ஐம்பது மில்லி ஆம்பியர் இழுக்கும்போதும் ஐந்துக்குப் பக்கத்தில் நின்றால் கார்டு பெரும்பாலும் நல்ல கார்டு. வெளியே மாட்டிய சாமானைப் பாருங்கள்.

பையன் மாட்டியிருந்தது நான்கு ரிலே. அந்த நீலக் கட்டி ரிலேயின் காயில் சுமார் எழுபது ஓம். ஒன்று இழுப்பது 71 மில்லி ஆம்பியர். நான்கும் சேர்ந்து 285. கார்டின் மேனுவலில் இருந்த உச்சவரம்பு 200. பிறகு எப்படி ஐந்து நிற்கும்? பழைய மொபைல் சார்ஜர் ஒன்றில் இருந்து ரிலேக்களுக்குத் தனி ஐந்து வோல்ட் கொடுத்தான். இரண்டு கிரவுண்டையும் சேர்த்தான், இரண்டு ஐந்து வோல்ட்டையும் சேர்க்கவில்லை. வேலை முடிந்தது. செலவு பூஜ்யம்.

"காலையில வேலை செய்யுது, பத்து நிமிஷத்துல செத்துப் போகுது" என்பது இன்னொரு புகார். பல கார்டுகளில் தானாக மீளும் ஃப்யூஸ் உண்டு. அதிகக் கரண்ட் போனால் சூடாகித் தடுக்கும். கரண்டை நிறுத்தி ஆறவிட்டால் திரும்பி வரும். அது காவல்காரன். காவல்காரன் கதவைச் சாத்தினான் என்று வீட்டையே இடிப்பீர்களா?

வயரைக் கழற்றியும் ஐந்து வரவில்லையா? யு.எஸ்.பி. கேபிளை மாற்றுங்கள். ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். யு.எஸ்.பி. 2.0 தருவதே 500 மில்லி ஆம்பியர். மெலிந்த நீளக் கேபிள் அதிலும் வோல்டேஜைத் தின்னும். வேறு கம்ப்யூட்டரிலும் வரவில்லை என்றால்தான் கார்டைச் சந்தேகிக்கலாம். வெளி சப்ளையை அந்த முனைக்குள் யாராவது திருப்பி ஊட்டியிருந்தால் நிஜமாகவே செத்திருக்கும். அப்படி என்றால் புதுக் கார்டுக்கும் அதே கதிதான்.

"சப்மிஷனுக்கு நேரமில்லை" என்பார்கள். 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 புறப்பட 56 நிமிஷம் இருக்கும்போது கோளாறு கண்டு நிறுத்தினார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து ஜூலை 22-ல் ஏவினார்கள். உலகமே பார்க்கும்போது அவர்களுக்கு ஒரு வாரம் இருந்தது. உங்கள் பிள்ளைக்கு மீட்டர் பிடிக்க அரை மணி இல்லையா? தும்பா நம்ம ஜில்லா என்று பெருமை பேசினால் மட்டும் போதாது.

"சார்தான் கார்டு போச்சுன்னு சொன்னாரு" என்பார்கள். சார் அளந்து சொன்னாரா என்று கேளுங்கள். நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. டெல்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் 2004-ல் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மலிவான லேப் கருவி செய்வது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, இரண்டும் அதன் வேலை. அதில் பிறந்த எக்ஸ்ப்ஐஸ் கருவியின் வரைபடமும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. எந்த முனை எவ்வளவு கரண்ட் தரும் என்று மேனுவலில் எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

நாம் அனுப்பும் இரண்டாவது கார்டில் பையன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: எது கெட்டாலும் வளைகுடாவில் இருந்து பணம் வரும். அந்தப் பாடத்தோடு நாளை வேலைக்கு வருகிறான். குவைத்தில் ஒரு பிளான்டில் பிரஷர் ரீடிங் தவறாகக் காட்டினால், "புதுசு மாத்துங்க சார்" என்று மட்டும் சொல்லும் பையன்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவன் முட்டாள் இல்லை. அளக்க வேண்டிய அவசியத்தை நாம் அவனுக்கு ஏற்படுத்தவே இல்லை.

ஆகவே அடுத்த போன் வரும்போது "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "மேனுவல்ல எவ்வளவு போட்டிருக்கு? மாட்டினது எவ்வளவு இழுக்குது? வயரைக் கழத்தினா எவ்வளவு வருது?" இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் அனுப்புவதைப் பற்றிப் பேசலாம்.

பி.கு: எதையாவது வாங்கி அனுப்பியே தீருவேன் என்கிறவர்கள் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கி அனுப்புங்கள்.