ரேடாருக்கும் கடிவாளம் வேண்டும்

'கோல்டன் டோம்' ஏவுகணைத் தடுப்பு அரணுக்கு 17,500 கோடி டாலர் செலவாகும் என்று 2025 மே மாதம் அதிபர் டிரம்ப் அறிவித்தார். அன்றுமுதல், 'தற்காப்புக்குத்தானே? முன்னெச்சரிக்கை ரேடார்களை நவீனப்படுத்துவதில் என்ன தவறு?' என்று அதன் ஆதரவாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இதற்கான பதில் 1972-லேயே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்க அதிபர் நிக்ஸனும் சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு, இனி அமைக்கும் முன்னெச்சரிக்கை ரேடார்கள் நாட்டின் எல்லையோரத்தில், வெளிப்புறம் நோக்கியே இருக்க வேண்டும் என்றது. எல்லையில் நிற்கும் ரேடார் தாக்குதல் வருவதைச் சொல்லும். உட்பகுதியில் நிற்பதோ, வரும் ஏவுகணையைக் குறிபார்த்து வீழ்த்தவும் வழிகாட்டும். இத்தகைய ரேடாரைக் கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். மறைத்துக் கட்டவும் முடியாது. அதனால்தான் பூட்டு அங்கே போடப்பட்டது.

அந்தப் பூட்டு வேலை செய்தது. சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் பகுதியில், மங்கோலிய எல்லையிலிருந்து பல நூறு கி.மீ. உள்ளே சோவியத் ஒன்றியம் கட்டிய ராட்சத ரேடாரை 1983-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. விண்வெளிக் கண்காணிப்புக்கானது என்று மாஸ்கோ ஆண்டுக்கணக்கில் சாதித்தது. கடைசியில், 1989 அக்டோபரில் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்சே அது ஒப்பந்த மீறலே என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஒரு வல்லரசு தன் ரேடாரைத் தானே கைவிட்டது. எந்த ஏவுகணை அரண் இதைச் சாதித்திருக்கிறது?

அமெரிக்கா மட்டும் யோக்கியமா? கிரீன்லாந்தின் தூலேயிலும் இங்கிலாந்தின் ஃபைலிங்டேல்ஸிலும் இருந்த பழைய ரேடார்களுக்குப் பதிலாக முற்றிலும் புதிய தொழில்நுட்பத்தை நிறுவிவிட்டு, 'புதுப்பித்தல்' என்றது. ஃபைலிங்டேல்ஸில் மூன்று வெள்ளை உருண்டைகள் போய், நாலாபுறமும் பார்க்கும் மும்முகக் கோபுரம் வந்தது. இதைப் புதுப்பித்தல் என்பது பச்சைப் பொய். 2002 ஜூனில் ஒப்பந்தத்திலிருந்தே வெளியேறியதும் அதே அமெரிக்காதான்.

ஒப்பந்தங்கள் பனிப்போர்க் காலப் பழங்கதை என்பவர்களுக்கு வரலாறும் தெரியாது, ஆபத்தும் புரியாது. 1995 ஜனவரி 25-ல் நார்வே ஏவிய ஆய்வு ராக்கெட்டைக் கண்டு ரஷ்ய ரேடார் அபாய மணி அடித்தது. அணு ஆயுதத் தாக்குதலுக்கு உத்தரவிட உதவும், ரஷ்ய அதிபர் யெல்ட்சினின் பெட்டி திறக்கப்பட்டது. ரேடாரில் பழுதில்லை. நார்வே முன்கூட்டியே அனுப்பிய தகவல்தான் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. இக்குறையைத் தீர்க்க மாஸ்கோவில் கூட்டு எச்சரிக்கை மையம் அமைக்க 2000 ஜூனில் கிளிண்டனும் புதினும் உடன்பட்டார்கள். அந்த மையம் செயல்பாட்டுக்கு வரவே இல்லை.

கோடிகளைக் கொட்ட வேண்டிய இடம் அந்த மையம்தான். 6-வது பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும். அதுவரை, புதிதாக எழும் ஒவ்வொரு ரேடாரும் போருக்கான ஏற்பாடே.