மலைப் பிள்ளைக்கு மட்டமான கணிதமா?

எல்லாப் பிள்ளைகள் மீதும் ஒரே கணிதத்தையும் ஒரே விஞ்ஞானத்தையும் ஏன் சுமத்த வேண்டும்? இயன்றவர்க்கு உயர்ந்த பாடம், இயலாதவர்க்கு எளிய பாடம் என ஆறாந் தரத்திலேயே வகுத்துவிட்டால் என்ன? இவ்வாறு வினவுவோர் நம்மிடையே உளர். தோட்டப்புறப் பாடசாலைகளின் பரீட்சைப் பெறுபேறுகளைக் காட்டி, கணிதத்திலே தவறும் பிள்ளைகளை அச்சுமையினின்று விடுவிப்பதே நீதி என்றும் அவர்கள் கூறுவர். கருணையின் மொழியிலே பேசப்படும் இவ்வாதத்தைப் பட்டிப்பொலையிலே நின்று உரைத்துப் பார்ப்போம். இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது இங்குதான் உள்ளது. உயரத்திலே முதலிடம் பெற்ற ஊரின் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த பாடமே போதும் என்பது எவ்வகை நியாயம்?

ஏட்டளவில் நம் நாட்டிலே பாடப் பிரிவினை இல்லை. 1972 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் கணிதத்தையும் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தையும் ஆறாந் தரம் முதல் அனைவருக்கும் கட்டாய பாடங்களாக்கிற்று. அதுவரை விஞ்ஞானத்தின் வாடையே படாத பாடசாலைகள் ஏராளம். இன்றும் சாதாரண தரப் பரீட்சையில் இவ்விரண்டும் கட்டாய பாடங்களே. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் பாடத்தைப் பிரிக்காத அரசு பாடசாலையைப் பிரித்து வைத்திருக்கிறது. மூன்றாம் வகைப் பாடசாலை ஐந்தாம் தரத்தோடோ எட்டாம் தரத்தோடோ முடியும். இரண்டாம் வகை பதினோராந் தரம் வரை செல்லும். 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, விஞ்ஞானம் இல்லை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலைக்கே உரியது. தோட்டத்துப் பிள்ளைக்கு அருகிலிருப்பது பெரும்பாலும் முதலிற் கூறியவையே. ஆகவே எத்தரத்துக் கணிதம், எத்தரத்து விஞ்ஞானம் என்பதை இங்கே பிள்ளையின் ஆற்றல் தீர்மானிப்பதில்லை. அது பிறந்த லயத்தின் தூரமே தீர்மானிக்கிறது.

இந்நிலை தற்செயலாக வந்ததன்று. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் துரைமாரிடமே ஒப்படைத்தது. கொழுந்து பறிக்கும் கைகளைத் தேடியவன் கணக்குப் போடும் மூளைகளை வளர்ப்பானா? 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டை எழுப்பியபோது தோட்டப் பள்ளிகள் அதன் எல்லைக்கு வெளியே கிடந்தன. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1960, 61 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் இவை ஏற்கப்படவில்லை. எழுபதுகளின் பிற்பகுதி முதலே இவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. விஞ்ஞானம் கற்ற பிள்ளையே நாளை விஞ்ஞான ஆசிரியனாவான். ஒரு தலைமுறைக்குக் கதவை அடைத்துவிட்டு, அடுத்த தலைமுறையிடம் ‘உங்களுக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே எளிய பாடம் கொள்ளுங்கள்’ என்பது கொடுமையன்றோ?

தொழிலாளியின் பிள்ளைக்கு அட்சரகணிதம் எதற்கென்று கேட்போர், அதன் தாயின் சம்பளச் சீட்டைப் பார்த்ததுண்டா? முழுப் பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை, கூடைக்கும் ஈரத்துக்குமாகக் கழித்த கொழுந்து எத்தனை கிலோ, சேமலாப நிதிக்குத் தொழிலாளி தரும் 8 வீதமும் முதலாளி தரவேண்டிய 12 வீதமும் சேர்ந்தனவா என்பதெல்லாம் கணிதமே. வீதம் அறியாத கண்ணுக்கு அச்சீட்டு ஒரு மந்திரத் தகடு. விஞ்ஞானமும் அப்படியே. ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலையில் நீர் 100 பாகைக்குக் காத்திராமல் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். வளியமுக்கம் பற்றிய பாடம் அங்கே ஒவ்வொரு லயத்து அடுப்பிலும் கொதிக்கிறது. ஆயினும் ஒரு வெப்பமானியும் அதை விளக்க ஓர் ஆசிரியரும் இல்லாவிடின் பிள்ளை நூலிலுள்ள 100 ஐ நெட்டுருப் போடுவதன்றி வேறென் செய்யும்?

உலக அநுபவம் என்ன சொல்கிறது? பின்லாந்து தன் பொதுப் பள்ளிகளிலே கணிதத்தைப் பல மட்டங்களாகப் பிரித்து நடத்திற்று. கீழ்மட்டத்தில் அமர்ந்தவர்க்கு மேற்படிப்பின் வாயில் குறுகக் கண்டு 1985 இல் அம்முறையைக் கைவிட்டது. சிங்கப்பூர் மாணவரைத் தனித்தனிப் பிரிவுகளாக வகுத்த முறையை 2024 இல் நீக்கிற்று. அங்கே இன்றும் பாடந்தோறும் மட்டங்கள் உண்டே என வாதிடலாம். உண்டுதான், ஆயின் ஒரே பள்ளிக்குள்ளே ஏறிச் செல்லும் படியும் உண்டு. படியே இல்லாத இடத்திலே ‘தெரிவு’ என்பது இறங்குவதற்கான பெயர் மட்டுமே.

பல்கலைக்கழக அநுமதியிலே பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீத ஒதுக்கீடு உண்டே, நுவரெலியாவும் அவற்றுள் ஒன்றே என்பர். உயர்தர விஞ்ஞான வகுப்பை எட்டாத பிள்ளைக்கு அவ்வொதுக்கீடு எட்டாக்கனி. தொழிற்கல்வி இருக்கிறதே என்பர். தொழிற்கல்வி உயர்ந்ததே, ஆனால் மின்வினைஞனுக்கும் பொறி திருத்துவோனுக்கும் கணிதம் வேண்டாமா?

கணிதத்திலே தடுமாறும் பிள்ளைகள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. தடுமாறும் பிள்ளைக்கு வேண்டியது மேலதிக நேரமும் பொறுமையுள்ள ஆசிரியருமே. பாடத்தைக் குறைத்தால் பெறுபேற்றுப் பட்டியல் அழகு பெறும், பிள்ளை வளராது.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. ஆறாந் தரம் தொடங்கும் ஒவ்வொரு தோட்டப்புறப் பாடசாலைக்கும் தமிழில் கற்பிக்கும் பயிற்றப்பட்ட கணித, விஞ்ஞான ஆசிரியர் வேண்டும். இயங்கும் ஆய்வுகூடம் வேண்டும். நாள்தோறும் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உயர்தர விஞ்ஞான வகுப்பு வேண்டும். அதுவரை தங்கிப் படிக்க விடுதி வேண்டும். இவற்றைக் கொடுத்த பின்னர் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்று பேசலாம். கொடுக்குமுன் பேசுவோரிடம், மலையக ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே குரலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உங்கள் பிள்ளைக்கு இந்த எளிய பாடத்தை நீங்கள் தெரிவு செய்வீர்களா?