பெட்டகத்தில் இல்லாத பத்திரம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பெருவீதியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே அமைந்தது தேற்றாத்தீவு. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழும் உழவர் பலரைக் கொண்ட பகுதி அது. கல்வியில் ஆர்வமும் உழைப்பிற் சலியாமையும் அம்மக்களுக்கு இயல்பாகவே வாய்த்தவை. அங்கே அண்மையில் நாம் கண்ட காட்சியொன்றைத் தமிழ் பேசும் மக்கள் அனைவர் முன்னும் வைக்க வேண்டியது எமது கடமையாகிறது.

வாசிகசாலையிற் கூடியிருந்த இளைஞருள் ஒருவர் எழுந்து, பொலித்தீன் பையொன்றிலிருந்து தமது பத்திரங்களை எடுத்து எம்முன் பரப்பினார். விமான நிலைய உத்தியோகமொன்றுக்கு விண்ணப்பம் கோரப்பட்டிருந்தது. கேட்கப்பட்ட கல்வித் தகுதி அவரிடம் இருந்தது. வயதும் பொருந்தியது. ஆனால், பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் ஒரு விதம். தேசிய அடையாள அட்டையில் வேறொரு விதம். உயர்தரப் பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதம். தந்தையின் பெயர் ஒன்றில் முழுமையாக நிற்கிறது. மற்றொன்றில் ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலோ இரண்டு பத்திரங்களில் ஒன்றுபோல் இல்லை. இதைத் திருத்துவதற்கென ஒரு கந்தோரிலிருந்து மறு கந்தோருக்கு அவர் அலைந்துகொண்டிருக்கையில், விண்ணப்ப முடிவுத் திகதி கடந்து போயிற்று.

அவருடைய தந்தையார் வயற்காரர். மகனுக்குப் பின்னால் நின்ற அவர் சொன்ன ஒரு வசனம் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை: “ஐயா, வளவு உறுதி, வயல் உறுதி எல்லாம் பெட்டகத்துக்குள்ள பத்திரமாத்தான் கிடக்கு. மகன்ட கடதாசியத்தான் நான் பார்க்காம உட்டுட்டன்.”

இஃது ஒரு தந்தையின் தவறன்று. ஒரு சமுதாயத்தின் தவறு. நிலத்தின் உறுதியைப் போற்றத் தெரிந்த நாம், பிள்ளையின் வாழ்வுக்கு உறுதியாக நிற்கும் பத்திரங்களைப் போற்றக் கற்றுக்கொள்ளவில்லை. உரிமைகள் பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் மாத்திரமே பறிக்கப்படுகின்றன என்று எண்ணுவோர் உண்டு. கந்தோர் மேசையிலே, ஒரு கோவையினுள்ளே, ஓசையின்றிப் பறிபோகும் உரிமைகளும் பல.

கடதாசியின் வலிமையை இந்நாட்டில் மலையகத் தமிழரைப் போல் அநுபவித்து அறிந்தவர் வேறு யார்? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்து லயத்திற் பிறந்து லயத்திலேயே இறந்தவர்களின் பிள்ளைகள் அந்த அத்தாட்சிக்கு எங்கே போவார்கள்? 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பிரசாவுரிமை பெற்றவர்களோ ஏறக்குறைய 134,000 பேரே. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. சட்டத்தின் நோக்கம் அநீதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த அநீதி ஏந்திய ஆயுதம் “பத்திரம் எங்கே?” என்ற ஒரே கேள்விதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்று விமான நிலையங்களைப் பற்றி ஏன் பேசுகிறோம்? போர்க்காலத்தில் வான்படைத் தளமாய் இருந்த மட்டக்களப்பு விமான நிலையம் 2016 யூலையில் புதுப்பித்துத் திறக்கப்பட்டு, 2018 மார்ச்சில் குடிசார் போக்குவரத்துக்கு விடப்பட்டது. பலாலி 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாயிற்று. கட்டுநாயக்காவும் இரத்மலானையும் மத்தளவும் வேறு. மட்டக்களப்பு நிலையம் சிறியது. அங்கே ஆயிரக்கணக்கில் உத்தியோகம் விளையும் என்று நாம் எவருக்கும் ஆசை காட்டமாட்டோம். ஆனால் இந்நிலையங்கள் எல்லாவற்றிலும் தீயணைப்பு, பாதுகாப்பு, பயணப்பொதி, மின்னியல், கணக்கு, துப்புரவு எனப் பலதரப்பட்ட தொழில்கள் உள்ளன. அவற்றில் எமது பிள்ளைகளுக்கும் பங்குண்டு. அப்பங்கைத் தகுதிக் குறைவால் இழந்தால் படித்துத் தேறலாம். பெயரில் ஓரெழுத்துப் பிழைத்ததால் இழப்பதை எவ்வாறு பொறுப்பது?

மற்றைய உத்தியோகங்களைக் காட்டிலும் விமான நிலைய உத்தியோகத்துக்குப் பத்திரங்கள் கடுமையாகப் பரிசீலிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. சர்வதேச குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளுள் பாதுகாப்புப் பற்றிய பதினேழாம் பின்னிணைப்பு, விமான நிலையத்தின் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் துணையின்றிச் செல்பவர் ஒவ்வொருவருடைய பின்னணியும் ஆராயப்பட வேண்டும் என்கிறது. அவர் யார், முன்னர் எங்கே என்ன தொழில் செய்தார் என்பன மாத்திரமல்ல, சட்டம் இடந்தரும் அளவுக்குக் குற்றப் பதிவும் பார்க்கப்படும். இது உலகெங்கும் உள்ள விதி, தமிழருக்கென்று எழுதப்பட்டதன்று. ஆகவே, பெயரும் பிறந்த திகதியும் பத்திரத்துக்குப் பத்திரம் மாறி நிற்பவர் முதற் படியிலேயே தடுக்கப்படுவார்.

இனி, செய்ய வேண்டியவை யாவை? சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் அவற்றை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, பிறப்புச் சான்றிதழ். எல்லாப் பத்திரங்களுக்கும் இதுவே வேர். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதங்கள் கடந்துவிட்டால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவே இல்லையெனில் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழியுண்டு. பதிவிற் பிழையிருந்தால் அதைத் திருத்துவதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கலாம். தேற்றாத்தீவு மக்களுக்கு அது களுவாஞ்சிகுடியில் உள்ளது. சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி ஒன்றே எல்லாப் பிழையையும் தீர்த்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. சத்தியக் கடதாசி வேறுபாட்டை விளக்கும், பதிவேட்டை மாற்றாது.

இரண்டாவது, அடையாள அட்டையும் பரீட்சைச் சான்றிதழ்களும். பிறப்புப் பதிவைத் திருத்திய பின்னரே இவற்றைத் திருத்த முயல வேண்டும். வேரை விட்டுக் கிளையில் நீர் ஊற்றுவதாற் பயனில்லை. பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பப்படும் நாளிலேயே பெயரின் ஒவ்வோர் எழுத்தும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பார்க்கப்படுமானால், பின்னாளைய அலைச்சலிற் பெரும் பகுதி இல்லாமற் போகும். ஆசிரியர்கள் இதனைத் தமது கடமையாகக் கொள்ள வேண்டுகிறோம்.

மூன்றாவது, வதிவிடமும் நன்னடத்தையும் பற்றிய பத்திரங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். நாட்பட்ட சான்றிதழ் செல்லாது. அதனை மாத்திரம் விண்ணப்ப காலத்தில் புதிதாகப் பெறுக. வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பியோர் அங்கிருந்து சேவைச் சான்றிதழைக் கையோடு கொண்டுவர வேண்டும். திரும்பி வந்தபின் கடிதம் எழுதிக் கேட்பது கடல் வற்றிக் கருவாடு தின்ன நினைப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, எம்மவர் பலர் வாய்திறந்து பேசக் கூசும் ஒரு விடயம். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ, அவசரகால விதிகளின் கீழோ கைதாகிப் பின் விடுவிக்கப்பட்டோர் எம்மிடையே ஏராளம். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டதற்கான நீதிமன்றக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி அவர்களிற் பலரிடம் இல்லை. கைதானமை ஒரு பதிவேட்டில் இருக்கும்; விடுதலையானமை மற்றொரு பதிவேட்டில் உறங்கும். இவ்விரண்டையும் ஒன்று சேர்க்கும் பிரதியைப் பெற்று வைத்திருப்பது அவர்களுக்கு இன்றியமையாதது. அதில் வெட்கப்பட யாதுமில்லை. விடுதலையை மறைப்பவனையன்றோ உலகம் சந்தேகிக்கும்!

ஐந்தாவது, மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டுவிடாதீர்கள். பிரதிகளையே அனுப்புங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டை வைத்திருங்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியும், 2004 டிசம்பர்க் கடல்கோளும், இடையிடையே வந்த இடப்பெயர்வுகளும் எம் மாவட்டத்து மக்களின் பத்திரங்களைப் பலமுறை அழித்துள்ளன. ஆகவே ஒரு தொகுதிப் பிரதி வீட்டிலும், மற்றொன்று தூரத்து உறவினர் வீட்டிலும் இருப்பது நன்று.

இவை எம்மவர் கடமை. அரசாங்கத்தின் கடமை இதனிற் குறைந்ததன்று. சிங்களமும் தமிழும் நாடெங்கும் நிர்வாக மொழிகள் என அரசியலமைப்பு கூறுகிறது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் ஓர் அரசாங்கப் பத்திரத்தைத் தமிழிலோ, தமிழ் மொழிபெயர்ப்புடனோ பெறும் உரிமையை அதன் 22 ஆம் உறுப்புரை தருகிறது. பொதுச் சேவைக்கும் பொது நிறுவனங்களுக்கும் ஆட்சேர்க்கும் பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமையும் அவ்வுறுப்புரையிலேயே உண்டு. கடமைக்கு இன்றியமையாத இடத்தில் மற்றைய மொழியறிவு கோரப்படலாம் என்ற நிபந்தனையையும் மறைக்காமற் சொல்கிறோம். எமது பிள்ளைகள் சிங்களமும் கற்க வேண்டும். ஆங்கிலமும் கற்க வேண்டும். சர்வதேச விமானங்களோடு பேசும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், ஆறு நிலைகளைக் கொண்ட ஆங்கிலத் தேர்ச்சி அளவையில் நான்காம் நிலையையேனும் எட்டியிருக்க வேண்டும் என்பது உலக விதி.

தகுதியிருந்தும் தள்ளப்பட்டவர் வாளாவிருக்க வேண்டியதில்லை. அரசாங்கம் கம்பனியொன்றின் பெயரால் விமான சேவை நடத்தினாலும், அக்கம்பனியின் செயல் அடிப்படை உரிமை விசாரணைக்கு உட்பட்டதே என்று 1987 இல் இராஜரத்தின எதிர் எயார்லங்கா வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்துள்ளது. ஆனால் அத்தகைய மனுவை ஒரு மாதத்துள் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கிற் சேராது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஆட்சேர்ப்புத் திட்டம் என்ன, புள்ளிகள் எவ்வாறு இடப்பட்டன என்று எழுத்திற் கேட்கலாம். 14 வேலை நாட்களுள் அதுபற்றித் தீர்மானித்தாக வேண்டும். ஒரு மாதம் என்பது குறுகிய காலம். விண்ணப்பத்தின் பிரதியும் தபாற் பற்றுச்சீட்டும் கையில் இல்லாதவனுக்கு எந்த வழக்கறிஞரும் உதவ முடியாது.

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை பெரிய சலுகைகள் அல்ல. ஆட்சேர்ப்பு அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகைகளிலும் அதே நாளில் வெளிவர வேண்டும். கிழக்கில் விண்ணப்பித்தவர்களுக்கு நேர்முகப் பரீட்சை மட்டக்களப்பில் நடைபெற வேண்டும். நிராகரிக்கப்படுவோருக்குக் காரணம் எழுத்தில், அவர்தம் மொழியில், தரப்பட வேண்டும். பிறப்புப் பதிவுத் திருத்தங்களுக்கு நடமாடும் சேவை ஆண்டுதோறும் படுவான்கரைக் கிராமங்களுக்கும் வர வேண்டும். வாவியைக் கடந்து, ஒருநாட் கூலியை இழந்து, “நாளைக்கு வாருங்கள்” என்ற விடையோடு திரும்பும் ஏழை உழவனுக்கு இச்சேவை வரமன்று, உரிமை.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். விமான நிலையத்தில் வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவன் வேலை கொடுப்பவன் அல்லன். அவனிடம் காசையும் கொடாதீர்கள்; மூலப் பத்திரத்தையும் கொடாதீர்கள். அவ்வாறே, அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் சான்றிதழின் இடத்தை நிரப்பாது. இதனை ஓர் அரசியல் ஊழியனே சொல்கிறான் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். எம்மிடம் கடிதம் கேட்டு வரும் இளைஞரிடம் இனி நாம் முதலிற் கேட்கப்போவது, “தம்பி, பிறப்புச் சான்றிதழைக் காட்டும்” என்பதே.

பெரும்போகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, விதைப்பு எப்போது, நீர் திறப்பது எப்போது என்று உழவர்கள் தீர்மானிக்கின்றனர். மழை விழுந்தபின் வாய்க்கால் வெட்டுபவனை ஊர் சிரிக்கும். பத்திரங்களின் காரியத்தில் மாத்திரம் மழை விழுந்தபின் மண்வெட்டி தேடுவது ஏன்? சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் சமாதான நீதவான்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஊர் வாசிகசாலைக்குக் கொடுக்கட்டும். அங்கே ஒரு கொப்பி திறக்கப்பட்டு, எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பத்திரம் இல்லை, எதிற் பிழையுண்டு என்பது எழுதப்பட்டு, ஒவ்வொன்றாகத் தீர்க்கப்படட்டும். தேற்றாத்தீவில் அந்தக் கொப்பி ஏற்கெனவே திறக்கப்பட்டுவிட்டது. முதற் பெயர், முடிவுத் திகதியைத் தவறவிட்ட அந்த இளைஞருடையது. அடுத்த அறிவித்தல் வருமுன் அவருடைய பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக நிற்க வேண்டும்.

மற்றைய ஊரவர்கள் அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே பெட்டகத்தைத் திறந்து, காணி உறுதிக்குப் பக்கத்தில் பிள்ளையின் பத்திரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.