பச்சை மீனா? கேட்டுட்டுச் சாப்பிடுங்க!

இப்போதெல்லாம் கடற்கரை ஊர்களுக்குச் சுற்றுலா போனால், பிரியாணி, வறுத்த மீனோடு ஜப்பான்காரர்களின் 'சூஷி'யும் கிடைக்கிறது. ஓசூர் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு ஜப்பான் பெயர் புதிதல்ல. 1980களிலேயே டி.வி.எஸ்., சுசூகியோடு சேர்ந்து ஓசூரில் மோட்டார் சைக்கிள் தயாரித்தது. 2001-ல் பிரிந்தும் விட்டார்கள். வண்டி பழகிய அளவுக்கு அவர்கள் சாப்பாடுதான் நமக்குப் பழகவில்லை.

சமீபத்தில் மாமல்லபுரம் பக்கம் ஒரு ஜப்பானிய உணவகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். மாசமாக இருக்கும் மருமகள் முன்னாலும் தட்டு வந்தது. "இதுல எது பச்சை மீன்?" என்று கேட்டேன். "எல்லாமே ஃப்ரெஷ்தான் மேடம்" என்று நழுவினான் பரிமாறிய பையன். "இதெல்லாம் கேட்டா நம்மள பட்டிக்காடுன்னு நினைப்பாங்க" என்று காதைக் கடித்தார் கூட வந்த உறவினர். நான் விடவில்லை. சமையல்காரரையே வரவழைத்துக் கேட்டு, அவளுக்கு வெள்ளரிக்காய் வைத்ததை வாங்கிக் கொடுத்தேன்.

சூஷி என்றதும் மூக்கைப் பிடிக்க வேண்டாம். வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சாதம்தான் அதற்கு அடிப்படை. அதோடு வேகவைத்த இறால், முட்டை, காய் எதையும் வைப்பார்கள். சாதமில்லாமல் வெறும் மீன் துண்டாக வந்தால், அது 'சஷிமி'.

பச்சையாகச் சாப்பிட, மீன் புதுசாக இருந்தால் மட்டும் போதாது. அதிலுள்ள புழுக்கள் சாக, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். அப்படியும் எல்லாக் கிருமியும் சாகாது. அதனால் கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் தவிர்ப்பதே நல்லது. நம்ம ஏரி மீனை வாங்கி, வீட்டில் இப்படிச் செய்து பார்க்கவே கூடாது.

சைவக்காரர்களும் கவனிக்கணும். 'மிசோ' சூப்பில் கீரையும் காயும் மட்டும் மிதந்தாலும், அதன் சாறு பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் எடுத்தது. நம்ம மாசிக் கருவாடு மாதிரிதான்.

சந்தையில் கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், நூறு நூறாகப் பணம் கொடுக்கிற இடத்தில் வாயை மூடிக்கொள்வானேன்? மாமியார்மார்களே, "எல்லாரும் சாப்பிடறாங்க, நீயும் சாப்பிடு" என்று மாசமான பெண்ணை வற்புறுத்தாதீர்கள். தெரியாததைக் கேட்பதில் கேவலம் எதுவுமில்லை. கேட்டுச் சாப்பிடுங்கள். பிடித்திருந்தால் இன்னொரு தட்டும் வாங்குங்கள்!

- ஒரு வாசகி, பேரிகை.