நலம் நாடுவோம்: பழம்பொரி உண்ணலாமா?



மாலை நேரம். அடுப்பில் நேந்திரம்பழம் பொரிகின்றது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தேநீர்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் வீற்றிருக்கும் பழம்பொரிதான் அது. பிள்ளைகள் தட்டுடன் காத்திருக்க, சர்க்கரை நோய் கண்ட வாப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார். "உங்களுக்கு ஆகாது" என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம். மறுநாள் அவர் கடைக்குச் சென்று, எவரும் அறியாமல் இரண்டு உண்டு வருகிறார். ஒளித்து உண்ட உணவுக்குக் கணக்கில்லை. கணக்கில்லாத உணவே இந்நோய்க்குப் பெரும் பகை.

பழம்பொரியில் மூன்று வழிகளில் சர்க்கரை சேர்கின்றது. முதலாவது பழம், காயிலுள்ள மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகின்றது. இரண்டாவது மைதா. மூன்றாவது, மாவில் நாம் கலக்கும் சீனி. எண்ணெயோ கிராமுக்கு 9 கலோரி தருவதுடன், இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதையும் தாமதப்படுத்துகின்றது. இதனால் இரத்தச் சர்க்கரை மெல்ல ஏறி, நெடுநேரம் இறங்காமல் நிற்கவும் கூடும்.

எனவே, தோல் கறுத்துக் கனிந்த பழத்தை விடுத்து, அளவாகப் பழுத்ததைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய துண்டுகளாக்கி, சீனி சேர்க்காத கடலை மாவில் இலேசாகத் தோய்த்தெடுங்கள். மாவின்றித் தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி நெய்யில் வாட்டுவது இன்னும் நன்று. நாட்டுச் சர்க்கரையும் தேனும் சர்க்கரையே என்பதை மறவாதீர்கள்.

ஒரு துண்டு போதும். அதற்கு ஈடாக இரவு உணவில் ஓர் ஆப்பத்தையோ ஒரு கரண்டிச் சோற்றையோ குறையுங்கள். உடன் அருந்தும் தேநீரில் சீனி வேண்டாம். உண்டபின் கால் மணி நேரம் நடக்கச் செய்யுங்கள்.

உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் வீட்டுக் கருவியால் சோதித்துப் பாருங்கள். மருத்துவர் வேறு அளவு கூறியிராவிட்டால், 180 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். எண்ணெய்ப் பண்டமாதலால், முதல் முறை நான்கு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். மிகுந்திருந்தால், அடுத்த முறை பாதித் துண்டு. இதற்கென மாத்திரையையோ இன்சுலினையோ தாமாகக் கூட்டுதல் கூடவே கூடாது. சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களும், சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கப் பணிக்கப்பட்டவர்களும் மருத்துவரைக் கேளாமல் உண்ண வேண்டாம்.

இன்று வாப்பாவின் தட்டில் அந்த ஒரு துண்டை நாமே எடுத்து வைப்போம். நம் கண் முன்னே உண்ணும் ஒன்று, கடையில் ஒளித்து உண்ணும் இரண்டினும் மேலன்றோ!