ஆமைத் தொட்டி கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பழமொழி சொல்லும் அதே ஊரில்தான் வாஸ்து, ஃபெங் ஷுயி என்று சொல்லிக் காசு கொடுத்து ஆமை வாங்கி வருகிறார்கள். வீடு உருப்படுகிறதோ இல்லையோ, வந்த ஆமை பெரும்பாலும் உருப்படுவதில்லை.

நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் வண்ணமீன் கடைகளில் பரவலாகக் கிடைப்பது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்திலிருந்து உலகமெல்லாம் பரவிய சிவப்புக்காது ஆமை. வாங்கும்போது தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கடைக்காரர் கூடவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் கொடுப்பார், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரத்தோடு! இந்தக் குட்டி வளர்ந்தால் ஓடு மட்டுமே 25 சென்டிமீட்டரைத் தொடும், பெண் என்றால் அதற்கு மேலும் போகும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் இருக்கும். சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கியதோடு செலவு முடிந்தது என்று நினைப்பவர்கள் கணக்குப் புத்தகத்தின் முதல் வரியை மட்டும் படித்தவர்கள்.

கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் ஆமை பெரிதானதும் மொட்டை மாடியிலோ கொல்லையிலோ தாங்களே தொட்டி கட்டுகிறார்கள். இது பாராட்ட வேண்டிய விஷயம். கடையில் விற்கும் கண்ணாடித் தொட்டியைவிட வெயில் படும் வெளித்தொட்டி ஆமைக்கு எவ்வளவோ மேல். சிக்கல் என்னவென்றால், செலவு செய்யும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் சின்ன நீர்வீழ்ச்சி, அப்புறம் கலர் விளக்கு, அப்புறம் கலர் கூழாங்கல். இதெல்லாம் பார்க்க வரும் விருந்தாளிக்கு. ஆமை அந்தச் சின்னக் கல்லை விழுங்கிவிட்டுக் குடல் அடைத்துக் கிடக்கும்.

முதலில் வேண்டியது ஆழம். ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர். (அது 400 கிலோ எடை. மாடியில் வைப்பதாக இருந்தால் கொத்தனாரிடம் உத்தரம் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு வைப்பது நல்லது.) பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் மேல்பாகத்தை அறுத்தாலே வேலை முடிந்தது. சிமெண்டில் கட்டினால் பூச்சின் சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கும். நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி என்று இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். யாரும் பொறுப்பதில்லை.

ஆழம் எதற்கு? மே மாத வெயிலில் அரை அடித் தண்ணீர் மதியத்துக்குள் கொதித்துவிடும். ஆமையால் தன் உடம்புச் சூட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ள முடியாது, குளிர்ந்த இடம் தேடிப் போகத்தான் முடியும். போக இடமில்லாத தொட்டி அதற்கு அடுப்பில் வைத்த பாத்திரம். ஆகவே பாதித் தொட்டிக்கு மேல் நிழல்வலை, மறுபாதி திறந்த வெயில். மறுபாதியையும் சேர்த்து பாலிகார்பனேட் தகடு போட்டு மூடுகிறவர்கள் உண்டு. வெளிச்சம் வருகிறதே என்பார்கள். ஓடும் எலும்பும் கெட்டிப்படத் தேவையான புற ஊதாக் கதிரை அந்தத் தகடு தடுத்துவிடும். உடம்பு முழுவதும் காய்கிற மாதிரி தண்ணீருக்கு மேலே ஒரு மேடையும் அந்த வெயில் பாதியில்தான் இருக்க வேண்டும். ஒரு பலகையும் நான்கு செங்கல்லும் போதும், ஏறுவதற்குச் சரிவு முக்கியம்.

அடுத்தது எல்லோரும் கோட்டை விடுகிற இடம், மழை. 'ஆமைதானே, எங்கே ஓடப் போகிறது' என்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒரு ராத்திரி அடித்துப் பெய்தால் தொட்டி விளிம்பு வரை நிரம்பும். ஆமை ஓட வேண்டியதே இல்லை, மிதந்து வந்து விளிம்பைத் தாண்டினால் போதும். காலையில் சாக்கடையில் தேட வேண்டியதுதான். விளிம்புக்கு ஓர் அடி கீழே ஓட்டை போட்டு இரண்டு அங்குல பிவிசி பைப் சொருகி, உள்வாயில் வலை கட்டிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவுதான். அடிக்கடி சருகு அடைத்துக்கொள்ளும், எடுத்துவிட வேண்டும். சுற்றுச் சுவரின் மேல் விளிம்பை உள்பக்கமாக நாலு விரற்கடை நீட்டிவிடுவதும் அவசியம். சுற்றிலும் கம்பி வலை மட்டும் கட்டினால் ஆமைக்கு அது ஏணி. நகத்தை மாட்டி ஏறிவிடும். வலை இருக்க வேண்டிய இடம் மேலே, காக்கைக்கும் பூனைக்கும் பெருச்சாளிக்கும்.

பெண் ஆமை ஆண் இல்லாமலே முட்டை வைக்கும் என்பது பலருக்கும் தெரியாது. தோண்ட மண் இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு சாகவும் செய்யும். கரையோரம் ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய பெட்டி இதற்கு மருந்து. தண்ணீர் சுத்தத்துக்குப் பழைய பெயிண்ட் வாளி, ஸ்பாஞ்சு, ஜல்லி, ஏர் கூலர் பம்ப் போதும். தொட்டியைக் கழுவிய கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமிக்குப் பயந்துதான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளை வளர்ப்புக்கு விற்பதற்கு 1975-ல் தடை போட்டார்கள்.

இவ்வளவு தொல்லையா என்று சலித்துக்கொள்பவர்கள் கடைசியில் செய்வது, புண்ணியம் என்று சொல்லிக் கோயில் குளத்தில் விடுவது. அது புண்ணியமே இல்லை. உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நம் ஊர் ஆமையோடு போட்டி போட்டு அதை ஒதுக்கித் தள்ளுகிற வந்தேறி இது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் இதை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஜப்பான் 2023-ல் விற்கவும் வெளியில் விடவும் தடை போட்டு, ஏற்கெனவே வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது.

ஆசைப்படுகிறவர்கள் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். தொட்டியை முதலில் கட்டி, தண்ணீர் நிரப்பி, ஆமை இல்லாமலே ஒரு கோடையும் ஒரு அடைமழையும் போகட்டும். மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் எவ்வளவு சுடுகிறது, மழையில் எந்த மூலையில் வழிகிறது என்று பார்த்துச் சரிசெய்த பிறகும் ஆசை மிச்சம் இருந்தால், கடைக்குப் போகட்டும்.